முயலை மடக்குவது உயரமா, திருப்பமா?

மயிலாப்பூரிலும் அடையாறிலும் நாட்டு நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் சிப்பிப்பாறைக் குட்டி பார்க்கப் போனால், முதலில் கேட்பது “தகப்பன் நாய் எவ்வளவு உயரம்?” என்பதுதான். விற்பவரும் உயரத்தைக் காட்டித்தான் விலை சொல்கிறார். முயலை விரட்டுவதற்கென்றே கரிசல் காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட ஓட்டக்கார நாய் அது. அதை உயரத்தால் மட்டும் அளந்தால், அது எதற்காக உருவானதோ அந்தத் திறமையே நம் கண்ணில் படாமல் போய்விடும். நேர் ஓட்டத்தில் உயரம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் முயல் ஓட்டத்தில் வெற்றி தோல்வி தீர்மானமாவது நேர் ஓட்டத்தில் அல்ல, திருப்பத்தில். திருப்பத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் நாய் விலை கொடுக்கிறது.

முதலில் எதிராளியைப் பார்ப்போம். இந்தியாவில் காட்டில் ஓடுவது குழிமுயல் அல்ல. பிடரி கறுத்த காட்டுமுயல். கிண்டி தேசியப் பூங்காவின் புதர்களிலும் இது உண்டு. வளை தோண்டி அதற்குள் புகுந்துகொள்ளும் பழக்கம் இதற்குக் கிடையாது. புல்லை அழுத்திப் படுக்கை அமைத்து, அதிலேயே அசையாமல் பதுங்கும். ஆபத்து நெருங்கியதும் பீறிட்டுக் கிளம்பும். ஓடி ஒளிய வளை இல்லாததால் அதன் உயிர் முழுக்க இரண்டு விஷயங்களில் இருக்கிறது: கிளம்பும் வேகம், வெட்டித் திரும்பும் கோணம். நாய் வாய் வைக்கும் தூரத்துக்கு வரும்வரை நேராக ஓடும். அந்தக் கடைசி நொடியில் சட்டென்று பக்கவாட்டில் வெட்டும். பின்னால் வரும் நாய் அதே வேகத்தில் சில மீட்டர் தாண்டிப் போய்விடும். அந்தச் சில மீட்டர்தான் முயலின் லாபம்.

கணக்கு என்ன சொல்கிறது?

சீரான வேகத்தில் வளைந்து ஓடும்போது, எவ்வளவு குறுகிய வட்டத்தில் திரும்ப முடியும் என்பது வேகத்தையும் தரைப் பிடிப்பையும் பொறுத்தது. எடை இந்தக் கணக்கிலேயே வராது. வேகம் இரண்டு மடங்கானால் வட்டத்தின் ஆரம் நான்கு மடங்காகும். ஒரு நாய் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, அதன் எடைக்குச் சமமான பக்கவாட்டுப் பிடிப்பு தரையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அதற்கு 23 மீட்டர் ஆரமுள்ள வட்டம் தேவை. வேகத்தை 18 கிலோமீட்டருக்கு இறக்கினால் இரண்டரை மீட்டர் போதும். அதாவது முயலோடு திரும்ப வேண்டுமென்றால் நாய் முதலில் வேகத்தைக் கொல்ல வேண்டும், உடலைச் சுழற்ற வேண்டும், பிறகு மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். உடல் அளவு தன் வேலையைக் காட்டுவது இந்த மூன்றிலும்தான்.

ஒரே உடல்வாகுள்ள இரண்டு நாய்களில் ஒன்று எல்லா அளவிலும் மற்றதைவிட 10 சதவீதம் பெரியது என்று கொள்வோம். அதன் எடை 33 சதவீதம் கூடியிருக்கும். தசையின் வலு அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது என்பதால், வலு 21 சதவீதம்தான் கூடும். எனவே நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்கும் திறன் சுமார் 9 சதவீதம் குறைகிறது. பள்ளியில் படித்த நிலைமத் திருப்புத்திறன், அதாவது உடலைச் சுழற்றவிடாமல் எதிர்க்கும் தடை, 61 சதவீதம் ஏறிவிடுகிறது. கால்கள் நீண்டதால் நெம்புகோல் பலம் கொஞ்சம் கூடுவதைக் கழித்துப் பார்த்தாலும், உடலைத் திருப்பும் முடுக்கத்தில் ஏறத்தாழ 17 சதவீதம் போகிறது. மாட வீதி முனையில் ஆட்டோ சட்டென்று ஒடித்துத் திரும்பும். மாநகரப் பேருந்து அகலமாக வளைந்துதான் திரும்பும். இன்ஜின் பெரிதாக இருப்பதால் பேருந்துக்கு அங்கே ஒரு ஆதாயமும் இல்லை.

ஆடுகளத்தின் சாட்சியம்

பெரிய நாய்க்காக வாதாடுகிறவர்களிடமும் ஒரு வலுவான சான்று உண்டு. ஜேம்ஸ் அஷர்வுட், ஆலன் வில்சன் ஆகிய இருவரும் 2005இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, பந்தயத் தடத்தின் வளைவில் கிரேஹவுண்டு நாய்கள் வேகத்தைக் குறைப்பதில்லை என்று காட்டியது. மனித ஓட்டக்காரர்கள் வளைவில் வேகம் இழக்கிறார்கள். 200 மீட்டரில் உள் தடம் கிடைத்தவர் முகம் சுளிப்பது அதனால்தான். கிரேஹவுண்டு இடுப்பிலிருந்தும் முதுகிலிருந்தும் உந்துசக்தி எடுப்பதால், கூடுதல் சுமையைக் கால்கள் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் பந்தயத் தடத்தின் வளைவு அகலமானது, நாய்க்கு முன்பே பழக்கமானது. முயல் வெட்டும் கோணம் அப்படியல்ல. அது எங்கே, எப்போது என்று நாய்க்குத் தெரியாது.

அதே வில்சன் குழு 2013இல் காட்டுச் சிவிங்கிப்புலிகளுக்குக் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி வேட்டைகளைப் பதிவு செய்தது. மணிக்கு 93 கிலோமீட்டர் வரை பதிவானது. இருந்தும் வேட்டையை வென்று தந்தது உச்ச வேகம் அல்ல. பிடிப்பு, திருப்பம், சட்டென்று வேகம் கூட்டுவதும் குறைப்பதும். 2018இல் சிங்கம், வரிக்குதிரை, சிவிங்கிப்புலி, இம்பாலா மான் நான்கையும் ஒப்பிட்டபோது, தப்பியோடும் விலங்குக்கு மிதமான வேகமே பாதுகாப்பு என்று தெரிந்தது. வேகம் குறைவாக இருந்தால்தான் கடைசி நொடியில் எந்தப் பக்கமும் திரும்பும் சுதந்திரம் அதற்கு மிஞ்சும். வேகமான நாயை முயல் அதன் வேகத்தாலேயே ஏமாற்றுகிறது.

விளையாட்டு வரலாறும் இதையே சொல்கிறது. இங்கிலாந்தில் லிவர்பூல் அருகே 1836 முதல் 2005 வரை நடந்த வாட்டர்லூ கோப்பையில், இரண்டு கிரேஹவுண்டுகளை ஒரு முயலின் பின்னால் அவிழ்த்துவிடுவார்கள். முயலைக் கொன்ற நாய்தான் வென்றது என்று கிடையாது. முயலைச் செங்கோணத்துக்குக் குறையாமல் திரும்ப வைத்தால் ஒரு புள்ளி, அதைவிடக் குறைவாக விலக வைத்தால் அரைப் புள்ளி என்று எண்ணினார்கள். அந்தக் கோப்பையை 1868, 1869, 1871 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்ற அயர்லாந்து நாய் மாஸ்டர் மெக்ராத், எடையில் 25 கிலோகூட இல்லை. கிரேஹவுண்டு கூட்டத்தில் அது சின்ன உருவம்.

நம் நாய்கள் தந்த விடை

அப்படியானால் சின்ன நாயே சிறந்தது என்று முடித்துவிடலாமா? கூடாது. இங்கிலாந்தின் விப்பெட் குழிமுயலுக்கு ஏற்றது. குழிமுயல் வளைக்குள் நுழையும்வரைதான் ஓட்டம். சில நொடிகளில் முடிந்துவிடும். அங்கே எட்டு வைக்கும் நீளத்தைவிடக் கிளம்பும் துடிப்பு முக்கியம். நம் காட்டுமுயலுக்கு வளை இல்லை. ஓட்டம் நீளும், நேர் ஓட்டமும் திருப்பமும் மாறி மாறி வரும். காலடி குட்டையான நாய், திருப்பத்தில் சம்பாதித்ததை நேர் ஓட்டத்தில் இழந்துவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவே கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலைப் பக்கத்து மக்கள் கண்டுபிடித்த அளவுதான் சிப்பிப்பாறையும் கன்னியும். தோளுயரம் ஏறத்தாழ இரண்டடி. எடை 15 முதல் 20 கிலோ. ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கழுத்து. விப்பெட்டைவிட உயரம், கிரேஹவுண்டைவிட லேசு. தலையைத் தாழ்த்தி ஓட்டத்திலேயே முயலைக் கவ்வ அந்தக் கழுத்து வேண்டும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசலில் கால்விரல் சிக்காமல் ஓட அந்த லேசான எடை வேண்டும். எடைக்குத் தகுந்த தோல்பரப்பு அதிகம் என்பதால், மெலிந்த நாய் வெயிலில் சீக்கிரம் தளராது. ராஜபாளையமோ 65 முதல் 75 செண்டிமீட்டர் உயரமும் கனத்த எலும்பும் கொண்டது. அது காட்டுப்பன்றிக்கும் காவலுக்கும் வந்த நாய்; பன்றியின் முன்னால் எடைதான் துணிச்சல். இரண்டு வேலைக்கு இரண்டு உடல். இதில் எதையும் யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. நன்றாக ஓடிய நாயை நன்றாக ஓடிய நாயோடு சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்தச் சோதனை நின்றுவிட்டது. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றம். அது அப்படியே இருக்க வேண்டும். ஐ.ஐ.டி. வளாகத்தில் கட்டற்ற நாய்களால் மான்கள் பட்ட பாட்டை அடையாறுக்காரர்கள் அறிவார்கள். ஆனால் ஓட்டம் நின்ற இடத்தில் உயரமும் நிறமும் வந்து உட்கார்ந்துகொண்டன. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய அளவில் தனி இனமாகப் பதிவு பெற்றிருக்கின்றன. பெயர் வந்த வேளையில் உருவம் மாறிவிடக் கூடாது. அரசே நாட்டு நாய்களை வளர்த்த சைதாப்பேட்டை இனப்பெருக்கப் பிரிவை மூடும்படி 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு இந்த இனங்களின் எதிர்காலம் பெரும்பாலும் தனியார் வளர்ப்பாளர்கள் கையிலும், அவர்களிடம் வாங்கும் நம் கையிலும்தான் இருக்கிறது.

நகரத்து வளர்ப்பிலும் ஒரு கேடு உண்டு. தி.நகர் அடுக்குமாடியில் வழவழப்பான டைல்ஸ் மேல் வளரும் 18 கிலோ நாய்க்கு, பிரியத்தோடு போடும் சோற்றில் 3 கிலோ கொழுப்பு கூடிவிட்டால், அதே தசை இன்னும் ஆறில் ஒரு பங்கு அதிகச் சுமையை இழுக்க வேண்டும். முடுக்கத்தில் 14 சதவீதம் அங்கேயே போயிற்று. விலா எலும்பு லேசாகத் தெரிந்தால் “பட்டினி போடுகிறீர்களா?” என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். கேட்கட்டும். ஓட்டக்கார நாய்க்கு அதுதான் ஆரோக்கியம்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. அமெரிக்கன் கென்னல் கிளப் நடத்தும் பொம்மை ஓட்டத்தில், மோட்டாரில் சுற்றும் கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் பையை நாய்கள் விரட்டுகின்றன. கயிறு கப்பிகளைச் சுற்றிக் கோணல்மாணலாகத் திரும்பும். அங்கே வேகத்துக்கு 10 மதிப்பெண் என்றால் லாகவத்துக்கும் 10. எந்த உயிருக்கும் சேதம் இல்லை. இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. நாட்டு நாய்க் கண்காட்சிகளில் நடைபோட வைத்து அழகு பார்ப்பதோடு, வேலி போட்ட மைதானத்தில் இப்படி ஒரு ஓட்டத்தையும் சேர்க்கலாம். திருப்பத்துக்குள் நுழைந்த நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் தனியே குறித்து, உயரத்தோடு எடையையும் சான்றிதழில் எழுதலாம்.

குட்டி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தகப்பன் நாயின் உயரத்தைக் கேட்பதற்கு முன், தாயும் தகப்பனும் ஓடும் வீடியோவைக் கேளுங்கள். நேர் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு, திரும்பும் இடத்தைப் பாருங்கள்: பின்னங்கால் சறுக்குகிறதா, திரும்பிய பின் எத்தனை எட்டில் பழைய வேகம் வருகிறது என்று கவனியுங்கள். வாங்குகிறவர் கேட்டால்தான் வளர்ப்பவர் அதைத் தேடி வளர்ப்பார். கரிசல் மக்கள் ஓட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் கிடைத்த நாய் இது. ஓட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் இதே நாயாக நிலைக்கும்.