ஒட்டியிருப்பதும் நிரப்புவதும்

ஒரு நேர்கோட்டின் மேல் இன்னொரு கோட்டைச் சாய்த்து நிறுத்தினால் இரண்டு கோணங்கள் பிறக்கின்றன. ஒன்று 40° என்றால் மற்றது 140°. ஒரே உச்சியையும் ஒரு கதிரையும் பகிர்ந்துகொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பதால் அவை அடுத்துள்ள கோணங்கள். கூட்டினால் 180° வருவதால் மிகை நிரப்புக் கோணங்கள். முன்னது இடத்தைப் பற்றிய பேச்சு, பின்னது அளவைப் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் இந்தப் பாடத்தின் அழகே இருக்கிறது. இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும்போது ஒரே பக்கத்து உட்கோணங்கள் 70°, 110° என அமையலாம். தள்ளித் தள்ளி இருந்தாலும் அவை மிகை நிரப்பிகளே. 30°, 50° கோணங்களோ ஒட்டியே கிடந்தாலும் அப்படி ஆவதில்லை.

நேர்கோட்டின் மேல் பிறக்கும் அந்த இரு கோணங்களும் சேர்ந்து 180° என்பது கண்ணுக்கே தெரிகிறதே, அதற்கு நிரூபணம் எதற்கு என்று கேட்கலாம். யூக்ளிட் தம் 'மூலங்கள்' நூலின் முதல் பகுதியில், பாகைக் கணக்கைத் தொடாமலே, கோடுகள் சந்திக்கும் புள்ளியில் ஒரு செங்குத்தை எழுப்பி, இரு கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்கள் என்று 13ஆம் தேற்றத்தில் நிறுவுகிறார். அதன் பலன் 15ஆம் தேற்றத்தில் கிடைக்கிறது. விரித்த கத்தரிக்கோலில் எதிரெதிர்க் கோணங்கள் ஏன் சமம்? இரண்டுமே பக்கத்திலுள்ள ஒரே கோணத்துக்கு மிகை நிரப்பிகள். பொதுவானதைக் கழித்தால் மிச்சம் சமம். அளந்து பார்த்தால் அந்த ஒரு கத்தரிக்கோலுக்கு மட்டும் விடை வரும். இந்தக் கழித்தலோ வெட்டிக்கொள்ளும் எந்த இரு கோடுகளுக்கும் செல்லும்.