காளியில் தொடங்கி கோத்தகிரிக்குப் போகும் பேச்சு

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் ரெஸ்லிங் பார்ப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமை என்று லயத்துத் தகரக் கூரைகளில் டிஷ் ஏறிய இடமெல்லாம் அண்டர்டேக்கரும் கூடவே ஏறிவிட்டார். பாண்டாக் கரடியைச் சின்னமாக வைத்திருக்கும் வனவிலங்கு நிதியம் வழக்காடி ஜெயித்ததால், 2002 மே மாதம் அந்த ரெஸ்லிங்கை நடத்தும் அமெரிக்கக் கம்பெனி தன் பெயரின் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டது. இங்கே நாற்பதைத் தாண்டியவர்கள் வாயில் அது இன்னும் டபிள்யூ டபிள்யூ எஃப்தான். அவர்களோடு உட்கார்ந்து மேட்ச் பார்க்க யாரும் எழுதிக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கிற சின்னப் பையனே சொல்லிவிடுவான். நான் சொல்ல வருவது, நடுவில் விளம்பரம் ஓடும்போதும், எல்லாம் முடிந்த பிறகு இஸ்தோப்பிலும், மறுநாள் டவுன் சலூனில் முடிவெட்டக் காத்திருக்கும்போதும் இவர்கள் பேசிக்கொள்வதைப் பற்றி. அந்தப் பேச்சு ஒரு பிடியில் தொடங்கும், பிறகு யார் பிடிக்கும் சிக்காமல் எங்கெங்கோ போகும். ரெஸ்லிங்கைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

இதை ரசிக்க வேண்டுமானால் முதலில் நேரக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் திங்கள் இரவு எட்டு மணிக்கு வாராந்தர ரெஸ்லிங் நிகழ்ச்சியான 'ரா' தொடங்கினால் நமக்குச் செவ்வாய் விடிகாலை ஐந்தரை. அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் ஆறரை. தோட்டத்தில் அது அடுப்பில் ரொட்டி வேகிற நேரம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற நேரம், பிரட்டுக்கு ஓடுகிற நேரம். நேரடியாக உட்கார்ந்து பார்க்க யாருக்கு முடியும்? சாயந்தரம் மறுஒளிபரப்பில் பார்ப்பதற்குள் கொழும்பில் கடைவேலை செய்கிற தம்பி போன் பண்ணி முடிவைச் சொல்லியிருப்பான். 2014இல் ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கரின் 21 தொடர் வெற்றிகளை புரொக் லெஸ்னர் உடைத்தபோது நியூ ஓர்லியன்ஸில் ஏப்ரல் 6 ஞாயிறு இரவு. இங்கே திங்கட்கிழமை காலை, கொழுந்துக் கூடை தலையில் ஏறிவிட்ட பொழுது. ராத்திரி டீவி முன்னால் கூடியவர்களுக்கு யார் ஜெயித்தது என்பது பழைய செய்தி.

யார் ஜெயிப்பார் என்ற பதற்றம் போய்விட்டால் வாய்க்கு விடுமுறை கிடைக்கிறது. கிரிக்கெட் பார்க்கும்போது இப்படி ஊர்க்கதை பேச முடியாது, ஒரு பந்து தவறினால் சண்டை வரும். ரெஸ்லிங்கில் ஒருவன் மற்றவனைக் கழுத்துப் பிடியில் வைத்து மூன்று நிமிடம் படுத்துக்கிடப்பான். அந்த மூன்று நிமிடத்தில் ஒரு கல்யாணப் பேச்சையே முடித்துவிடலாம்.

புதிதாகப் போய் உட்காருகிறவர்கள் ஒரு கேள்வியை மட்டும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். "இதெல்லாம் நடிப்புத்தானே?" பட்டணத்தில் இருந்து விடுமுறைக்கு வரும் படித்த மச்சான்மார் கேட்பது இதைத்தான். கேட்டவுடன் எல்லோரும் மரியாதையாகச் சிரிப்பார்கள், பேச்சு படுத்துவிடும். 1989இலேயே அந்தக் கம்பெனியார் நியூ ஜெர்சி மாநில செனட்டுக்கு இது பொழுதுபோக்கு நிகழ்ச்சிதான் என்று சொல்லிவிட்டார்கள். விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருந்து தப்பிக்க அந்த ஒப்புதல் வசதியாக இருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு இதை நியூ ஜெர்சியில் இருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. மாசி மாதம் காமன் நட்டு, தப்படித்து, ரதியும் மன்மதனும் ஆடிவர, கடைசியில் காமன் எரிவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவருகிறவர்கள் இவர்கள். முடிவு தெரியும், ரதி வேஷம் கட்டியது பக்கத்து லயத்துப் பையன் என்றும் தெரியும். அவன் ஒப்பாரி வைக்கும்போது கிழவிகள் அழுவார்கள். தஞ்சைப் பக்கத்து லாவணியில் காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டாகப் பிரிந்து விடிய விடியப் பாடி வாதாடினார்கள். அதில் யாரும் "இது கதைதானே" என்று எழுந்து போகவில்லை. லெஸ்னர் ஜெயித்தது நியாயமா என்று இஸ்தோப்பில் நடக்கும் வாதத்தையும் நீங்கள் அந்தக் காதோடுதான் கேட்க வேண்டும்.

இனி பேச்சு திரும்புகிற இடங்களைக் கவனியுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது கிரேட் காளியின் பெயர் வரும்போது நடப்பது. 2007 ஜூலையில் வேர்ல்ட் ஹெவிவெயிட் பெல்ட்டை வென்றவர் அவர். சொந்தப் பெயர் தலீப் சிங் ராணா, இமாச்சலப் பிரதேசத்துக்காரர், ஏழடிக்கு மேல் உயரம், அதற்கு முன் பஞ்சாப் பொலிஸில் வேலை. அவரைப் பற்றிய பேச்சு அநேகமாக இந்த வழியில் போகும்.

"என்னா இருந்தாலும் நம்ம ஆளுல்ல" என்பார் மூலையில் இருக்கும் பெரியவர்.

"அவன் இந்தியாக்காரன் தாத்தா. நம்ம இலங்கை."

"நீ இலங்கைடா. எனக்கு முப்பது வயசு வரைக்கும் ஒரு நாடும் இல்ல."

அவ்வளவுதான், டீவியில் யார் யாரைத் தூக்கிப் போட்டாலும் இனி யாரும் பார்க்கப்போவதில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், அதில் 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்த கணக்கு எல்லாம் வரும். இந்த எண்களைப் பெரியவர் சொல்லமாட்டார். பெரியக்கா குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதியது, தனக்கு எழுதாதது, சாமான்களை யார் யாருக்குக் கொடுத்தார்கள், பதுளை ஸ்டேஷனில் கோச்சி கிளம்பும்போது யார் கத்தி அழுதது என்று சொல்வார். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன அந்த வண்டிக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். அக்கா குடும்பம் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. இங்கிருந்து போனவர்களைக் குடியேற்றவே தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது, அதுதான் இன்றைய டான்டீ. "இங்க இந்தியாக்காரன்னாங்க, அங்க போனா சிலோன்காரங்கன்றாங்களாம்" என்று பெரியவர் சிரிப்பார்.

பொறுமையாக இருந்தால் பேச்சு தானே வீடு திரும்புவதையும் பார்க்கலாம். கோத்தகிரி அக்காவின் பேரன் வாட்ஸ்அப்பில் வருகிறானாம், அவனும் ரெஸ்லிங் பைத்தியமாம். 2021இல் சோனி டென் 4 தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கியபோது ரெஸ்லிங்குக்குத் தமிழ் வர்ணனை வந்தது. அதை அவனும் கேட்டான், இந்திய டிஷ் வைத்திருந்த நம் வீடுகளிலும் கேட்டார்கள். "அப்போ அவனுக்கு யாரப் புடிக்கும்?" என்று இங்கிருக்கும் பையன் கேட்பான். ரோமன் ரெய்ன்ஸ் என்று பதில் வரும், உடனே பெரியவர், பையன் இருவரில் ஒருவர் முகம் சுளிப்பார், பழைய சண்டை மறுபடி தொடங்கும். ஐம்பது அறுபது வருடத்தைச் சுற்றிவந்து மறுபடி கயிற்றுக்குள் இறங்கியிருக்கிறார்கள். இந்தச் சுற்றில் நீங்கள் நடுவில் புகுந்து "அது எந்த வருஷம் தாத்தா?" என்று கேட்டுவிட்டால் அவர் சாட்சி சொல்கிறவராக மாறிவிடுவார். சும்மா இருங்கள். பிளேன்டீ வந்தால் வாங்கிக் குடியுங்கள்.

இன்னொரு விதி, போனை எடுத்துச் சரிபார்க்காதீர்கள். அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவர் என்று ஒருவர் சொன்னால் சொல்லட்டும். அக்‌ஷய் குமாரோடு ஹிந்திப் படத்தில் சண்டை போட்டது அவர்தான் என்று இன்னொருவர் சத்தியம் பண்ணுவார். 1996இல் வந்த அந்தப் படத்தில் நடித்தது பிரையன் லீ என்ற வேறொரு மல்லர். 1994 சம்மர்ஸ்லாமில் 'போலி அண்டர்டேக்கர்' வேஷம் கட்டி அசல் அண்டர்டேக்கரிடம் அடி வாங்கியவரும் அவர்தான். இது எனக்குத் தெரியும் என்பதற்காக உடனே அவிழ்த்துவிடலாமா? வாதம் இரண்டு மூன்று சுற்று ஓடி, சத்தியம் ஏறி, பந்தயத்துக்குச் சல்லி கட்டும் வரை வந்த பிறகு மெல்ல எடுத்து வைக்க வேண்டும். அதுவும், போலியை நிஜம் என்று நம்பியது தன் தப்பில்லை, ரெஃப்ரீக்கே குழப்பமாக இருந்தது என்று அவர் சமாளிப்பதற்கு இடம் விட்டு. தேடுபொறி வந்த பிறகு நல்ல பேச்சுகள் பாதியில் செத்துப்போவதைப் பார்க்கிறேன். ஒருவன் திரையைக் காட்டுகிறான், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள், எல்லோரும் படுக்கப் போய்விடுகிறார்கள்.

பெண்கள் இதில் இல்லை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ரொட்டி தட்டிக்கொண்டே காம்பராவுக்குள் இருந்து வருகிற ஒரு வரிதான் பல ராத்திரிகளின் உச்சம். ஆண்கள் ஆன்ட்ரே த ஜயன்ட் கதையை எடுப்பார்கள். 1987 ரெஸில்மேனியாவில் ஹல்க் ஹோகன் தூக்கிப் போட்டபோது அவருடைய எடை 520 பவுண்டு என்று அறிவித்தார்கள், கிலோவில் 235க்கு மேல். உள்ளே இருந்து குரல் வரும்: "நம்ம தராசுல ஏத்திப் பாரு, சாக்குக்கு, ஈரத்துக்குன்னு பத்துக் கிலோ கழிச்சிருப்பாங்க." நாள் முழுக்கக் கொழுந்து பறித்து நிறுவைக்கு நின்றவர் சொன்னால்தான் இந்த வரி எடுபடும். அங்கிருந்து பேச்சு நாள் சம்பளத்துக்குப் போகும். ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை வருடம் கத்தினோம், 2021 மார்ச்சில் வந்தது, 2024இல் 1,350 ஆனது, அரிசி விலை அதற்கு முன்னால் ஓடிவிட்டது. "அவன் தோத்தாலும் காசு. நமக்கு நோம்ஸ் கிலோ கொறஞ்சா அரைப்பேரு, அரைநாள் சம்பளம்." இதைக் கேட்டு அனுதாபத்தோடு முகத்தைத் தொங்கப்போடாதீர்கள். சிரிக்கச் சொல்லப்பட்டது, சிரியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் போனால் பேச்சின் நடை மாறியிருக்கும். கூரையில் மழை அடிக்கும்போது டீவி சத்தம் கேட்காது, எல்லோர் காதும் மேட்டுப் பக்கம் இருக்கும். கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது 2014 ஒக்டோபர் 29. "அண்டர்டேக்கர் தோத்த வருஷம்" என்று யாராவது ஆண்டைக் குறிப்பது உங்களுக்கு முதலில் கொஞ்சம் உறுத்தும். ஆனால் நாட்காட்டியில் தேதி தேடுகிறவர்கள் இல்லை இவர்கள். குழந்தை பிறந்ததையும் கவ்வாத்து வெட்டியதையும் திருவிழாவையும் வைத்து வருடத்தை ஞாபகம் வைத்தவர்கள், இப்போது இதையும் வைத்துக்கொள்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து பதுளை மாவட்டத்து மலைகளும் சரிந்தன. அடுத்த மாதம் 13ஆம் திகதி ஜோன் சீனா தன் கடைசி மேட்சில் கையால் தட்டிக்காட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். இனி இந்த இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படும். இப்படிப்பட்ட இரவில் பேச்சு நடுநடுவே நின்றுபோனால் அதை நிரப்ப முயற்சிக்க வேண்டாம். யாராவது ஒருவர் சனலை மாற்றுவார்.

போக நல்ல நாள் சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை. கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் இருந்தால் போதும். பேச்சை நீங்களே தொடங்க வேண்டி வந்தால் யார் பலசாலி என்று கேட்காதீர்கள், அது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கேன் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா என்று கேளுங்கள். அண்டர்டேக்கரின் தம்பி என்று கதை கட்டி, சிவப்பு முகமூடி போட்டு, நாலு மூலையிலும் தீயை எழுப்பியவர். கிளென் ஜேக்கப்ஸ் என்ற சொந்தப் பெயரில் 2018இல் டென்னசி மாநிலத்து நொக்ஸ் கவுண்டியின் மேயராகத் தெரிவானார், 2022இல் மறுபடியும் ஜெயித்தார். இதைச் சொல்லிவிட்டுப் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள். முகமூடியோடு வோட்டுக் கேட்டாரா, வோட்டுப் போடாதவனைத் தூக்கிப் போட்டாரா, நம் பிரதேச சபைக்கு நின்றிருந்தால் எந்தச் சின்னத்தில் நிற்பார், தொழிற்சங்கத்தில் எந்தப் பக்கம் இருப்பார், மழையில் அடித்துப்போன ரோட்டைப் போட்டுத் தருவாரா என்று அவர்களே எடுத்துக்கொண்டு போவார்கள். ரோட்டுக்கு வந்துவிட்டால் கடைசி பஸ்ஸைப் பற்றிய பேச்சும் வந்துவிடும். பசறைக்குப் போகிறவர் என்றால் அதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.