பலர் கூடி இசைக்கும் கல்வி: அலெக்ஸ் அபிஷேகநாதனின் கிட்டார்க் குழுவை முன்வைத்துச் சில கருத்துகள்

இசைக்கலைஞர்களைப் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்போர் அவற்றின் பொதுவான அமைப்பை நன்கு அறிவர். குரு ஒருவர் இருப்பார். அவரை நாடி மாணவர் ஒருவர் வருவார். பின்னாளில் அம்மாணவர் பெரும்புகழ் எய்துவார். குருவின் பெயர் அப்புகழின் அடிக்குறிப்பாக நிலைபெறும். சென்னை மயிலாப்பூரில் மேற்கத்திய இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டரைத் தமிழுலகம் இன்றும் நினைவில் வைத்திருப்பதற்கு, இளையராஜா அவரிடம் பயின்றார் என்பதே முதற்காரணம். இவ்வமைப்புக்குள் அடங்காத ஆசிரியர்களும் உளர். இருபது முப்பது பேரை ஒருசேர அமர்த்தி, அவர்களுள் எவரும் தனித்துத் தெரியாத வகையில் இசைக்கப் பயிற்றுவோர் அவர்கள். அவர்தம் மாணவர்கள் பிற்காலத்தில் பொறியாளராகவும் கணக்காளராகவும் ஆகிவிடுவதால், வரலாறு எழுதுவோர் கைக்கு அவர்கள் அகப்படுவதில்லை. சிங்கப்பூரில் கிட்டார் இசையின் தந்தை எனப் போற்றப்படும் அலெக்ஸ் அபிஷேகநாதன் இவ்வகையினர். தமிழ்ப் பெயர் தாங்கிய இக்கலைஞர் தமிழிசை பற்றிய நம் உரையாடலில் இடம்பெறாமற் போனதற்கும், அவர் கற்பித்த முறையின் தன்மைக்கும் நெருங்கிய தொடர்புண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1926இல் பிறந்து, தொண்ணூறு அகவையைக் கடந்து வாழ்ந்து மறைந்தவர் அபிஷேகநாதன். கல்வித்துறையில் பணியாற்றியவர். இலண்டன் ராயல் இசைக் கல்லூரியில் கிட்டாரோடு வாய்ப்பாட்டையும் டபுள் பாஸ் என்னும் பெருவயலினையும் பயின்றார். 1967இல் சிங்கப்பூர்ச் செவ்வியல் கிட்டார்ச் சங்கத்தை நிறுவினார். 1970களின் தொடக்கத்தில் தொலைக்காட்சி வாயிலாகக் கிட்டார்ப் பாடம் நடத்தியதனால் அவர் பெயர் வீடுதோறும் அறியப்பட்டது. அவருடைய அண்ணன் பால் அபிஷேகநாதன் சிங்கப்பூர்ச் சேர்ந்திசையின் முன்னோடிகளுள் ஒருவர். நாட்டின் கலைத்துறை உயர்விருதாகிய கலாசாரப் பதக்கம் அண்ணனுக்கு 1986இலும் தம்பிக்கு 1988இலும் வழங்கப்பட்டது. இவையனைத்தும் அங்குள்ள ஆங்கில ஏடுகளில் பதிவாகியுள்ளன. எனினும் 1981ஆம் ஆண்டையே இவ்வாழ்க்கையின் முதன்மையான ஆண்டாகக் கருதுதல் வேண்டும். அவ்வாண்டில்தான் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் கிட்டார்க் குழுவை அவர் தோற்றுவித்தார். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் இணைந்து அப்பல்கலைக்கழகம் உருவாகி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. அபிஷேகநாதனுக்கு அகவை 55. அக்காலத்தில் அரசுப் பணியாளர் ஓய்வுபெறும் வயது அது.

ஜோகூரின் கெலாங் பாத்தாவிலிருந்து 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியை அடையலாம். அப்பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகமும் அத்தீவின் மேற்குப் புறத்திலேயே உள்ளது. கோலாலம்பூருக்குச் செல்லும் தொலைவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே அங்குச் செல்லும் தொலைவு. ஆயினும் இவ்வட்டாரத் தமிழாசிரியர் பலருக்கு அப்பெயர் புதியதாகவே இருக்கக்கூடும். சென்னை இசைவிழாச் செய்திகளை ஆண்டுதோறும் தவறாது படிக்கும் நமக்கு நீரிணைக்கு அப்பால் நடந்தது தெரியவில்லை. ஆங்கிலவழிக் கல்வி பெற்ற குடும்பம், கிட்டார், மேற்கத்தியக் குறியீட்டு முறை ஆகிய மூன்றும் சேர்ந்து அவரை நம் பார்வைக்கு வெளியே நிறுத்திவிட்டன என்று தோன்றுகிறது. அம்மூன்றுள் மூன்றாவதே ஆழ்ந்து நோக்கத்தக்கது.

அக்குழு கையாண்டது ஜப்பானியரான நீபோரி வகுத்த கிட்டார்க் குழு முறையாகும். பொதுவாக நாம் காணும் கிட்டார் இம்முறையில் பிரைம் எனப்படும். அதனினும் சிறியதாய் உச்ச ஒலி எழுப்பும் ஆல்டோ, பெரியதாய்த் தாழ்ந்து ஒலிக்கும் பாஸ், ஒரு முழு ஸ்தாயி இறங்கி ஒலிக்கும் கான்ட்ராபாஸ் எனக் கிட்டார்கள் ஒரு குடும்பமாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. தந்திகளுக்கிடையே உள்ள சுர இடைவெளி எல்லாவற்றிலும் ஒன்றே. ஆகவே ஒன்றில் விரல் பழகியவர் மற்றொன்றைக் கையிலெடுக்கும்போது முற்றிலும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. இது கருவியமைப்புப் பற்றிய செய்தி போலத் தோன்றினும் உண்மையில் கற்பித்தல் பற்றியதே. நேற்றுச் சேர்ந்த மாணவரிடம் கான்ட்ராபாஸைக் கொடுத்து, அடிக்கு ஒரு சுரம் வீதம் மீட்டச் சொல்லலாம். அப்பணி எளியது; ஆனால் அச்சுரம் தவறினால் முழு இசையும் சரிந்துவிடும். தேர்ந்தவர் ஆல்டோவில் விரைந்த பகுதியை வாசித்துக்கொண்டிருக்கும் அதே வேளையில், புதியவர் தாமின்றி அவ்விசை நில்லாது என்பதைத் தம் காதால் கேட்டறிகிறார். தனிப்பயிற்சியில் ஒரு தொடக்கநிலை மாணவர் இவ்வனுபவத்தைப் பெறச் சில ஆண்டுகளேனும் ஆகும். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் பாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குக் கச்சேரி என்பது எட்டாத் தொலைவில் உள்ள ஒன்றுதானே?

ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் 1991இல் வெளியிட்ட நூலில், பணியிடத்தின் விளிம்பில் சிறுபணி ஒன்றோடு நுழையும் பயிலுநர் படிப்படியாக நடுவத்தை நோக்கி நகர்வதே கற்றல் என விளக்கினர். மேற்கு ஆப்பிரிக்கத் தையற்காரரிடம் தொழில் பழகுவோர் அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒரு சாரார். கல்வியியலார் இக்கோட்பாட்டை விரிவாகப் பேசத் தொடங்குவதற்குப் பத்தாண்டுகட்கு முன்பே கெண்ட் ரிட்ஜில் அது நடைமுறையில் இருந்தது. கோட்பாட்டை முன்வைத்து அபிஷேகநாதன் செயற்பட்டார் எனக் கூறுவது மிகையாகும். டபுள் பாஸ் வாசித்தவர், தாழ்குரலில் பாடியவர் ஆகிய இரண்டு செய்திகளே இதற்குப் போதிய விளக்கம் தருகின்றன என்பது என் எண்ணம். குழுவின் அடித்தளத்தில் நின்று இசையைக் கேட்டுப் பழகியவருக்கு, மேலே ஒலிக்கும் மெட்டு பலவற்றுள் ஒன்றாகவே படும். முதல் வயலின் வாசித்த ஒருவர் இக்குழுவை அமைத்திருப்பின் அது வேறு வடிவம் பெற்றிருக்கலாம்.

இத்தகைய ஆசிரியரின் உண்மையான படைப்பு மேடையில் கேட்கும் நிகழ்ச்சியன்று. ஒவ்வொரு மாணவரின் ஆற்றலுக்கும் ஏற்ப எழுதப்பட்ட பகுதித்தாள்களே அவருடைய படைப்பு. தமிழ் இசைத்திறனாய்வில் இதனைக் குறிக்க நிலைபெற்ற சொல்கூட இல்லை. பாடாந்தரம், பாணி, மனோதர்மம் என்பன யாவும் தனியொருவரின் திறன் சார்ந்த சொற்கள். ‘வாத்தியக் கோப்பு’ எனத் திரைத்துறையிலும், ‘இசையமைப்பு’ எனப் பொதுவழக்கிலும் சொல்கிறோம். இன்னாருக்கு இன்ன பகுதி என்று எண்ணி எழுதும் ஆசிரியப்பணியை இவற்றுள் எதுவும் சுட்டவில்லை.

எனினும் இம்முறையைத் தமிழ்ச் சூழலுக்கு அப்படியே பொருத்திவிடலாம் எனக் கருதுவதற்கில்லை. அபிஷேகநாதன் ‘வணக்கம்’ எனப் பெயரிட்ட ஆக்கம் ஒன்றையும் படைத்துள்ளார். கிட்டாரோடு சித்தார், தபலா முதலியவற்றையும் ஆசியக் கருவிகள் பிறவற்றையும் ஒருங்கிணைக்கும் அம்முயற்சியின் நல்லெண்ணம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. இடர் வேறிடத்தில் உள்ளது. இருபது கிட்டார்கள் ஒரே சுரத்தை ஒருசேர மீட்டலாம். ஒரே கமகத்தை ஒரே அளவில் அசைத்தல் அரிது. கமகத்தை நீக்கினால் தோடியோ சஹானாவோ எஞ்சுமா?

இவ்வெல்லையை முதலில் தொட்டவர்கள் நம் முன்னோரே. கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியங்களில் ஒலித்த மேனாட்டு மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். ஏறக்குறைய நாற்பது எண்ணிக்கையில் கிடைக்கும் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் அவை. சங்கராபரணத்தின் சுரங்களில், கமகமின்றி நேர்ச்சுரங்களாக அவை செல்லுதல் தற்செயலானதன்று. தீட்சிதர் பேண்டு இசையின் இயல்பை உணர்ந்து, அதற்கு இயைந்ததை மட்டும் ஏற்றார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதரோ ஐரோப்பியரிடம் வயலின் கற்று அக்கருவியைக் கமகத்திற்கு இணங்கச் செய்தார். ஒரே வீட்டில் இரு வழிகள். தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் மேனாட்டு வாத்தியக் குழுவொன்றைப் பேணினார். கிளாரினெட்டும் பேண்டு வழியே வந்து, சின்ன மேளத்தில் நுழைந்து, ஏ.கே.சி. நடராசன் கையில் கச்சேரி மேடையின் முதன்மைக் கருவியாயிற்று. இந்நிகழ்வுகளில் தமிழ்ச் சமூகம் பேண்டிலிருந்து கருவியை எடுத்துக்கொண்டது. பலர் கூடிக் கற்கும் முறையை எடுத்துக்கொள்ளவில்லை. அனைத்திந்திய வானொலி 1952இல் தொடங்கிய வாத்திய விருந்தம் கூட, ஏற்கெனவே தேர்ந்த கலைஞர்களின் கூட்டமாகவே இருந்தது. ஏ.ஆர். ரகுமானின் அறக்கட்டளை 2009இல் சென்னையில் தொடங்கிய சன்ஷைன் இசைக்குழு, வறிய குடும்பத்துச் சிறாரைக் குழுவாகப் பயிற்றுவதனால் இவ்வகையில் மாறுபட்டது. ஆயினும் தொழிற்கலைஞரை உருவாக்குதலையே அது இலக்காகக் கொண்டுள்ளது.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். மலாய்மொழியில் பேண்டு வாத்தியக் குழுவுக்குப் பஞ்சராகம் என்று பெயர். சொல் நம் பக்கத்தது. பொருளைத்தான் நாம் பேணவில்லை. மலாய்த் திருமணங்களில் முழங்கும் கொம்பாங்கை நோக்குவோர், ஒருவரது அடி மற்றவரது அடிக்கு இடையே விழுந்து முழுத் தாளம் பிறப்பதைக் காணலாம். தனியொருவரால் அதனை முழுமையாக வாசிக்க இயலாது. புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் 1983 முதல் இசைக்கல்வியைத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் கொணர்ந்தது. ஆனால் வகுப்பிலுள்ள அனைவரும் ரெக்கார்டர் குழலில் ஒரே மெட்டை ஒருசேர ஊதுதல் குழு இசையாகாது. அது பலர் செய்யும் தனிப்பயிற்சியே.

தமிழிளைஞர் உண்மையாகவே குழுவாக இசை பயிலும் இடம் ஒன்று நம்மிடையே உண்டு. அது உருமி மேளம். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின்னரும், கெலாங் பாத்தா போன்ற பகுதிகளில் திருவிழா நெருங்கும் காலத்தில் அதன் ஒலி கேட்கிறது. ஏட்டுக்கல்வியில் பின்தங்கியவன் எனப் பள்ளியில் பெயர்பெற்ற சிறுவன் அங்குச் சிறு தாளக்கருவியோடு நுழைகிறான், பம்பைக்கு உயர்கிறான், உருமியின் இழுப்பொலியைக் கைவரப் பெறுகிறான். பிரித்தானிய இளைஞர் பேண்டுகளை ஆராய்ந்த லூசி கிரீன், அவர்கள் செவிவழியாகவும் ஒத்த வயதினரிடமிருந்தும் கற்கும் முறையை 2000களின் தொடக்கத்தில் நூலாக்கினார். அம்முறையை இங்கும் அப்படியே காணலாம். நாமோ இதனை இசைக்கல்வி எனக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பரதமும் வீணையும் ‘புறப்பாட நடவடிக்கை’ என்னும் தகுதியைப் பெறுகையில், உருமி இரைச்சல் என்றும் குண்டர் சேர்க்கை என்றும் ஒதுக்கப்படுகிறது. சில குழுக்களின் நடத்தை இப்பழிக்கு இடந்தருவதை மறுப்பதற்கில்லை. ஒழுங்கற்ற உதைபந்தாட்டக் குழுக்களும் உள்ளன. அதற்காக எந்தப் பள்ளியும் உதைபந்தாட்டத்தை விலக்கியதில்லை.

அபிஷேகநாதனின் குழுவில் இருந்தவர்கள் பல்கலைக்கழக நுழைவைப் பெற்றுவிட்டவர்கள். வாழ்வில் அவர்களுக்குப் பிற வாயில்களும் திறந்திருந்தன. உருமிக் குழுவின் பதினாறு வயது இளைஞனுக்கு அவ்வாறில்லை. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒப்பிடுதல் முறையாகாது. எனினும் முன்னதில் இருந்து பின்னதில் இல்லாதது எது எனக் கேட்கலாம். கருவியும் ஆர்வமும் இரண்டிலும் உண்டு. மூத்த கலைஞர் ஒருவர் தம் ஓய்வுக்காலத்தை ஒப்படைத்து, வாரந்தோறும் வந்து, யாருக்கு எப்பகுதி என எண்ணி எழுதித்தரும் ஏற்பாடு ஒன்றில் மட்டுமே உண்டு. அதற்கு ஓர் உயர்கல்வி நிறுவனம் அறையும் நேரமும் தந்தது.

உருமியின் சொற்கட்டுகள் இன்றுவரை பெரிதும் வாய்வழியாகவே வழங்கி வருகின்றன. குழுவுக்குக் குழு அவை வேறுபடுகின்றன. தோட்டங்களில் அவற்றைப் பழகிய முதியோர் குறைந்து வருகின்றனர். ஜோகூர் மாநிலக் குழுக்கள் சிலவற்றின் சொற்கட்டுகளைத் திரட்டி, எளியன, அரியன எனத் தரம் பிரித்து, ஒரே குழுவில் பல நிலை மாணவர்க்கு ஏற்ற பகுதிகளாக எழுதுதல் முதுகலை ஆய்வேடு ஒன்றுக்கு அடங்கும் பணிதான். இசை கற்பிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரும் அனுபவமிக்க உருமிக் கலைஞர் ஒருவரும் அதில் உடனிருத்தல் வேண்டும். அக்கலைஞரின் பெயர் ஆய்வேட்டின் நன்றியுரையில் இடம்பெற்றால் போதாது. முகப்பில் இடம்பெறுதல் வேண்டும்.