தீவகத்தின் நூல்களும் எழுபது ஆண்டுப் பூட்டும்

ஐரோப்பா புதியன கண்டு முன்னேறியமைக்குக் காரணம், அங்குப் புலமைச் சொத்துரிமை உறுதியாகப் பேணப்பட்டமையே என்றும், அச்சட்டங்களை நாமும் அவ்வாறே கைக்கொண்டால் எம்மிடையேயும் புத்தாக்கம் பெருகும் என்றும் ஒரு கருத்து இன்று பரவலாகக் கூறப்பட்டு வருகின்றது. ஆய்ந்து பாராமலே மாணவரும் இதனை ஏற்றுக்கொள்ளும் நிலை உண்டு. வரலாறு இக்கருத்துக்கு அத்துணை எளிதிற் சான்று பகர்வதில்லை. இதனை விளக்கத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. எமது தீவகத்தின் பெயர்களிலிருந்தே தொடங்கலாம்.

பதினேழாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், எமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் எனப்பட்டது. இவற்றுள் டெல்வ்ற் என்ற பெயர் இன்றும் வழக்கில் நிலைத்துள்ளது. அந்த டெல்வ்ற் நகரம் உலகப் புகழ் பெற்றது எதனால்? நீலமும் வெண்மையுமான அதன் மட்பாண்டங்களால். அப்பாண்டங்களோ, சீனத்துப் பீங்கானைக் கண்டு, அதைப் போலச் செய்ய முயன்ற குயவர்களின் கைவண்ணம். சீனத்துக் கைவினைஞருக்கு அதற்கென எவரும் உரிமைப் பணம் செலுத்தியதில்லை. பிறரிடமிருந்து கற்றலும், கற்றதைத் தம் மண்ணுக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றுதலுமே அங்குக் கலையாக மலர்ந்தன.

இது பழங்கதை என ஒதுக்குவார்க்கு இன்னொன்று கூறுவோம். புதியது கண்டவருக்கு அரசு வழங்கும் தனியுரிமையாகிய ஆக்கவுரிமையை ஒல்லாந்து 1869 ஆம் ஆண்டில் முற்றாகவே ஒழித்தது. 1912 வரை அந்நாட்டில் அத்தகைய சட்டம் நடைமுறையில் இருக்கவில்லை. அந்தக் காலத்திலேதான், 1891 இல், பிலிப்ஸ் நிறுவனம் ஐந்தோவன் நகரில் மின்விளக்குகளைச் செய்யத் தொடங்கிற்று. பிற நாடுகளில் விளக்குத் தொழிலைக் கட்டுப்படுத்திய ஆக்கவுரிமைகள் அங்கு அதன் கையைக் கட்டவில்லை. தீவக மக்கள் பலர் இன்று குடிபெயர்ந்து வாழும் சுவிற்சர்லாந்தின் கதையும் இத்தகையதே. பிரான்சில் ஒரு சாயத்தின் மீதிருந்த தனியுரிமை தம்மைத் தடுக்காத பேசல் நகரில், 1859 இல், அலெக்சாந்தர் கிளாவெல் அச்சாயத்தை உற்பத்தி செய்யலானார். பேசலின் பேர்பெற்ற இரசாயனத் தொழிலின் தொடக்கம் இதுவே. இரசாயனச் செய்முறைகளுக்குச் சுவிஸ் சட்டம் பாதுகாப்பு வழங்கியது 1907 இலேதான். அத்தொழில் காலூன்றி அரை நூற்றாண்டு சென்ற பின்னர்.

இங்கிலாந்தில் ஆக்கவுரிமை பற்றிய சட்டம் 1624 இலேயே இருந்ததே எனக் கேட்கலாம். இருந்தது உண்மை. ஆனால் சட்டம் இருந்த நாட்டிலும் தொழில் வளர்ந்தது. இல்லாத நாட்டிலும் வளர்ந்தது. எனவே வளர்ச்சியின் வேரை அச்சட்டத்தில் மட்டும் தேடுதல் பொருந்தாது. கல்வி, தொழிலாளரின் கைத்திறன், குடியேற்ற நாடுகளிலிருந்து கவர்ந்த செல்வம், பிறர் அறிவைத் தயக்கமின்றிக் கற்கும் வாய்ப்பு ஆகிய யாவும் அங்குச் சேர்ந்திருந்தன. தாம் முந்திய பின்னர்ப் பிறருக்குக் கதவடைத்தல், ஏறிய ஏணியை எட்டி உதைத்தல் அன்றி வேறென்ன?

இனி எம் நாட்டுக்கு வருவோம். ஆக்கவுரிமையைப் போன்றே பதிப்புரிமையும் புலமைச் சொத்தின் ஒரு கூறாகும். இலங்கையின் 1979 ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் வரை அவர் நூல்களுக்குப் பாதுகாப்பளித்தது. 1995 இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையும் பொது விதியாக 50 ஆண்டுகளையே கோரிற்று. ஆயினும், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதனை 70 ஆண்டுகளாக்கியது. ஐரோப்பியச் சமூகம் 1993 இல் தன் நாடுகளுக்கு வகுத்த அளவு அது. அண்டை நாடாகிய இந்தியாவோ 60 ஆண்டுகளுடன் நின்றுகொண்டது.

இந்த இருபது ஆண்டுகளின் பொருள் யாது? ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகளை எண்ணிப் பார்ப்போம். 1679 இல் அச்சான புறொயென்சா அடிகளின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்டு, 1966 இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக உலகுக்கு வழங்கியவர் அவர். அப்பழைய நூலுக்குப் பூட்டு எதுவும் இருக்கவில்லை. ஆனால் 1980 இல் மறைந்த அடிகளின் சொந்த எழுத்துக்கள், பழைய சட்டத்தின்படி 2030 ஆம் ஆண்டோடு பொதுவுடைமையாகியிருக்கும். இன்றைய சட்டத்தின்படி 2050 வரை காத்திருக்க வேண்டும்.

புகழ்பெற்றோரின் நூல்களையாவது எவரேனும் பதிப்பிப்பர். தீவகத்தின் ஊர் வரலாறுகள், கோயில் மலர்கள், நாட்டுக்கூத்து நூல்கள், வாசிகசாலை வெளியீடுகள் ஆகியவற்றின் நிலை என்ன? சில நூறு படிகளாக அச்சாகியவை அவை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் போரில் தீவக மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். எஞ்சிய ஒற்றைப் படியைக் கண்டெடுத்தாலும், அதன் ஆசிரியரின் பிள்ளைகள் ரொறன்ரோவிலா, பாரிசிலா, சூரிச்சிலா என்பதை யாரிடம் விசாரிப்பது? 2005 முதல் ஈழத்து நூல்களை எண்மப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் பணி எத்துணை அரியது என்பது இதனாற் புலனாகும். அனுமதி வழங்க வேண்டியவர் அகப்படாத இடத்தில், சட்டம் காப்பது ஆசிரியரையும் அன்று, அவர் வழித்தோன்றல்களையும் அன்று, கரையானையே.

எழுத்தாளனின் உழைப்புக்கு ஊதியம் வேண்டாமா என்ற வினா நியாயமானது. நகையை அடகு வைத்து நூலை அச்சிட்டு, விலைபோகாப் படிகளை வீட்டில் அடுக்கிவைக்கும் எழுத்தாளர் எம்மிடையே உளர். அவர்தம் உரிமையை உயிருள்ளவரை உறுதியாகக் காத்தல் வேண்டும். ஆக்கியோன் பெயர் என்றும் மறைக்கப்படலாகாது. ஆனால் மறைந்து இரு தலைமுறை கழிந்த பின்னும் நீளும் தனியுரிமை எந்த எழுத்தாளனின் அடுப்பை எரிக்கும்? 1921 இல் மறைந்த பாரதியின் படைப்புரிமையை 1949 இல் சென்னை அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. இதனால் பாரதி சிறுமைப்படவில்லை. மலிவுப் பதிப்புக்களால் ஏழை மாணவன் கைக்கும் அவன் வந்து சேர்ந்தான்.

எமது கோரிக்கைகள் மூன்று. பதிப்புரிமைக் காலம் மீண்டும் 50 ஆண்டுகளாகக் குறைக்கப்படல் வேண்டும். நேர்மையாகத் தேடியும் உரிமையாளர் அகப்படாத நூல்களைப் பொது நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் எண்மப்படுத்தி வெளியிடத் தெளிவான வழி வகுக்கப்படல் வேண்டும். தமிழகத்து முன்மாதிரியைப் பின்பற்றி, உரிய நட்டஈடு வழங்கி, சிறந்த நூல்களை அரசு பொதுவுடைமையாக்கல் வேண்டும். இரண்டாவது கோரிக்கையைக் கண்டு எவரும் மிரளவேண்டியதில்லை. எழுபது ஆண்டு அளவை எந்த ஐரோப்பாவிடமிருந்து எடுத்தோமோ, அந்த ஐரோப்பாவே தன் பூட்டினால் தன் நூலகங்கள் இடர்ப்படுவதைக் கண்டு, 2012 இல் அத்தகைய ஏற்பாட்டைச் செய்துகொண்டது. பூட்டைப் பார்த்துச் செய்த நாம் சாவியைப் பார்க்கத் தவறினோம்.

எழுத்தாளர் தம் நூல்களின் உரிமை பற்றித் தம் வாழ்நாளிலேயே எழுத்தில் ஒப்புதல் அளித்துவைப்பாராயின், சட்டம் திருந்தும்வரை அதுவும் ஒரு காவலாகும். ஆசிரியரும் மாணவரும் தத்தம் ஊர்களில் இதனை எடுத்துச் சொல்லலாம். இப்பணிக்கு எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை.