சமாதானம் கைமாறும் நேரம்

அம்பாங்கில் எல்ஆர்டி ஏறி ஹங் துவாவில் இறங்கினால், புடு ஜாலான் ராபர்ட்சனில் உள்ள புனித அந்தோணியார் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். தமிழ்ப் பூசை முடிந்ததும் பிரசங்கம் நன்றாக இருந்தது, பாட்டு இழுத்தது என்று பேசிக்கொண்டு வெளியே வருவோம். என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது வேறு. பரலோக மந்திரம் முடிந்து, நன்மை வாங்குவதற்கு முன் வருகிற அரை நிமிடம். "சமாதானம்" என்று ஆளாளுக்குக் கும்பிடுகிற நேரம். பாதிப் பேருக்கு அது இடைவேளை. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் அதட்டாத ஒரே நேரம் அதுதானே!

ரசிக்க வேண்டுமானால் முன்வரிசை ஆகாது. பின்னால், ஓரமாக நில்லுங்கள். கைகளைவிடக் கழுத்துகள் அதிகம் சொல்லும். முன்பின் தெரியாதவருக்கு முகம் மலரக் கும்பிடு விழும். மூன்று வரிசை தள்ளி நிற்கிற மைத்துனர் பக்கம், யார் கல்யாணத்திலோ நகை விஷயத்தில் பேச்சு முறிந்துபோனவர் பக்கம், தலை போகவே போகாது. சிலர் எல்லாப் பக்கமும் திரும்பி அந்த ஒரு திசையை மட்டும் லாவகமாக விட்டுவிடுவார்கள். பல வருடப் பழக்கம் இல்லாமல் அது வராது.

இந்தச் சடங்கு இன்றைய வடிவத்துக்கு வந்ததில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றானபின், எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆராதனை முறை வேண்டியிருந்தது. 1950-இல் வந்த திருவிருந்து முறையில், கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து சமாதானம் கொடுக்கும் வழக்கத்தை எடுத்துச் சேர்த்தார்கள். குருவானவர் உதவியாளருக்குக் கொடுப்பார். அவர் இறங்கி வந்து வரிசையின் முனையில் இருப்பவருக்குக் கொடுப்பார். அங்கிருந்து கைக்குக் கை போகும். என் வலது உள்ளங்கை உங்கள் வலது உள்ளங்கையோடு சேரும். அவரவர் இடது கை மற்றவரின் வலது கையை மூடிக்கொள்ளும். பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவரிடம்தான் வாங்க வேண்டும், அடுத்து யார் இருக்கிறாரோ அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆள் பார்த்துக் கும்பிட வழியே இல்லை. நான் கத்தோலிக்கன்தான், ஆனாலும் இந்த ஏற்பாடு எங்களுடையதைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்று ஒத்துக்கொள்வேன்.

அதை வைத்த இடமும் கவனிக்கத் தக்கது. அங்கே காணிக்கைக்கு முன்பே சமாதானம். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தின் கணக்கு அது: பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, உன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு. இதில் இரண்டு விஷயம் காதில் விழ வேண்டும். மனத்தாங்கல் அவருக்கு, நமக்கல்ல. அப்படியிருந்தும் எழுந்து போக வேண்டியவர் நாம். அடுத்தது தூரம். இயேசு பேசியது கலிலேயாவில், பலிபீடம் இருந்தது எருசலேமில். நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல். புடுவில் காணிக்கையை வைத்துவிட்டு மலாக்காவுக்கு நடந்து போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, திரும்பி வந்து பூசையைத் தொடர்வதாக நினைத்துப் பாருங்கள்.

கத்தோலிக்கப் பூசையில் மக்கள் எல்லோரும் சமாதானம் பகிர்வது 1970 பூசைப் புத்தகத்துக்குப் பிறகு பரவியது. அதற்கு முன், பாடற்பூசையில் பீடத்தைச் சுற்றி நிற்கும் குருக்களோடு அது முடிந்துவிடும். இதையும் காணிக்கைக்கு முன்னால் நகர்த்தலாமா என்று ரோமில் பேச்சு நடந்து, 2014-இல் வந்த சுற்றறிக்கை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றது. அதிலும் ஒரு நியாயம் உண்டு. அடுத்த அடி நன்மைதான். தள்ளிப்போட நேரமே இல்லை.

இன்னும் கடினமானதைப் பார்க்க பிரிக்பீல்ட்ஸ் போக வேண்டும். ஹங் துவாவில் மோனோரயில் மாறி துன் சம்பந்தனில் இறங்கலாம். அங்கே மலையாளிகளின் ஆர்த்தடாக்ஸ் சிரியன் கோயில் இருக்கிறது. அவர்களுக்குத் தவக்காலம் சாம்பல் புதனில் அல்ல, அதற்கு முந்திய திங்களில் தொடங்குகிறது. தொடக்கமே 'சுப்கோனோ' என்ற ஒப்புரவுச் சடங்கு. மேலிருந்து கீழாக மன்னிப்பு வழங்குவார்கள் என்று எதிர்பார்த்துப் போனால் ஆச்சரியம் காத்திருக்கும். முதலில் மண்டியிடுபவர் குரு. மக்களிடம் மன்னிப்புக் கேட்பார். பிறகு மக்கள் மண்டியிட்டு அவரிடம் கேட்பார்கள். அப்புறம் ஒருவருக்கொருவர். பாஷை புரியாவிட்டாலும் பரவாயில்லை, யார் முழங்கால் முதலில் தரையைத் தொடுகிறது என்று மட்டும் பாருங்கள்.

கும்பிட்டால் கணக்குத் தீர்ந்ததா என்று கேட்பவர்களுக்கு லூக்கா 19-ஆம் அதிகாரத்துச் சக்கேயு இருக்கிறார். வரி வசூலித்துச் சேர்த்தவர். ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் தருகிறேன் என்றார். ஏன் நான்கு? தானாக முன்வந்து ஒத்துக்கொள்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றது மோசேயின் சட்டம். ஆட்டைத் திருடி விற்றுவிட்டு அகப்பட்டவனுக்குத்தான் நான்கு மடங்கு. ஆயிரம் ரிங்கிட் என்றால் 1,200-இல் முடிந்திருக்கும். சக்கேயு 4,000-ஐத் தேர்ந்தெடுத்தார். யாரும் பிடிக்காதபோதே பிடிபட்ட திருடனின் தண்டனையைத் தனக்கு விதித்துக்கொண்டார். பாதிச் சொத்தை ஏழைகளுக்குத் தந்தது தனிக் கணக்கு.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இந்தத் திருப்பிக் கொடுக்கும் கணக்கு இன்றும் தொடர்கிறது. தவக்கால மாலைகளில் வேலை முடிந்து, அம்பாங் சாலை நெரிசலில் சிக்கி, களைத்துப்போய் வரிசையில் நிற்கிறவர்கள், ஃபாதர் அபராதமாகக் கொடுக்கிற செபத்தைச் சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைப்பதுண்டு. திருச்சபையின் மறைக்கல்வி நூல் அப்படி விடுவதில்லை: திருடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சீர்செய், காயத்துக்கு ஈடுகட்டு. பணத்தைத் திருப்புவது இருப்பதில் சுலபம். பெயரைக் கெடுத்தவர், எந்தக் காதுகளில் போட்டாரோ அதே காதுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் போட்டதென்றால் காதுகளின் எண்ணிக்கையே தெரியாது. ஏமாந்தவர் இறந்துவிட்டால் வாரிசுக்கு, வாரிசும் இல்லையென்றால் ஏழைகளுக்கு என்பது பழைய முறை. முகம் காட்ட முடியாத நிலைமை என்றால், பெயர் சொல்லாமல் ஃபாதர் கையாலேயே உறையைச் சேர்ப்பிக்கவும் வழி இருக்கிறது. அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது கேட்டுப் பாருங்கள்.