கறுப்புக் கட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள்?

2018 ஜூனில் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. பக்கங்களில் அங்கங்கே கறுப்புக் கட்டங்கள். "க்யூஆர் கோடு வந்துருச்சு, இனி வகுப்பறையே மாறிடும்" என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. இப்போது அந்தக் கட்டத்தை ஒரு படைப்பாகவே எடுத்து விமர்சிக்கலாம் என்று நினைக்கிறேன். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். பார்வை கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பிள்ளைகள் கையிலும் இருக்கும் ஒரே பொருள் பாடப்புத்தகம். அதையே வாசலாக ஆக்கியது நல்ல யோசனை. தனிக் கருவி வாங்க வேண்டாம், நீளமான இணைய முகவரியை எழுத்துக்கூட்டி அடிக்கவும் வேண்டாம். 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கைபேசி இருந்த வீடுகளிலாவது இது உதவியது.

சரி, இந்த யோசனை எங்கிருந்து வந்தது? க்யூஆர் குறியீடு 1994-ல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. அதை இந்தியப் பாடப்புத்தகத்துக்குள் கொண்டுவந்தவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்த பெயர் ரஞ்சித்சிங் டிஸ்லே. மகாராஷ்டிராவின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்ற சிற்றூரின் ஜில்லா பரிஷத் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 2020-ல் குளோபல் டீச்சர் பரிசு, பத்து லட்சம் டாலர், இவருக்குக் கிடைத்தது. பாதியை இறுதிச்சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது பேருக்குப் பகிர்ந்து கொடுத்தார்.

பத்திரிகைகள் பரிசையும் கட்டத்தையும் எழுதின. என் கவனம் அதற்கு முந்தைய வேலையில். அவர் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுமொழி கன்னடம், பாடநூல் வேறு மொழி. அவர் முதலில் கன்னடம் கற்றுக்கொண்டார். பிறகு ஒன்று முதல் நான்கு வரையிலான பாடநூல்களைப் பிள்ளைகளின் மொழிக்குக் கொண்டுவந்தார். பாட்டு, கதை, வீடியோ, பயிற்சி எல்லாம் சேர்த்தார். அவற்றுக்குப் போகும் வழியாகத்தான் குறியீடு கடைசியில் வந்தது. தன் வகுப்பில் எவன் எங்கே தடுக்கி விழுகிறான் என்று பார்த்து எழுதிய பதில் அது.

பிறகு மகாராஷ்டிரா மாநிலம் முழுக்கக் குறியீடு, என்சிஇஆர்டி புத்தகங்களில் குறியீடு, நம் புத்தகங்களிலும் குறியீடு. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இன்டர்ஃபேஸை நகலெடுத்தோம், லாஜிக்கை விட்டுட்டோம். மாநிலம் முழுக்கப் பரவியது கட்டம் மட்டும்தான். சாத்தனூர் கல்மரத்துக்குப் பக்கத்து ஊரில் வளரும் பிள்ளைக்கும் சென்னையில் வளரும் பிள்ளைக்கும் புதைபடிவம் பற்றி ஒரே வீடியோ. ஆசிரியரின் பங்கு? தன் கைபேசியை எடுத்து, ஸ்கேன் செய்து, ஓட விடுவது. சினிமா கொட்டகையில் ஆபரேட்டர் செய்த வேலை.

கணக்குப் புத்தகத்தின் இணையச் செயல்பாடு பகுதியையும் பாருங்கள். அதில் ஜியோஜீப்ரா வருகிறது. 2001-ல் ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய அருமையான மென்பொருள், இலவசம். முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழு, எது மாறுது, எது மாறலைன்னு பார் என்பதுதான் அதன் உயிர். நம் புத்தகமோ படி 1, படி 2 என்று வரிசை கொடுத்து, கடைசியில் திரை எப்படித் தெரியும் என்ற படத்தையும் அச்சடித்து விடுகிறது. விடை தெரிந்த பிறகு பிள்ளை எதற்கு இழுத்துப் பார்க்கும்?

புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் எல்லோரும் சுட்டுவது. பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது என்பது அதன் சாரம். நம் பயிற்சிகள் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் தனியாகப் பிரித்துக் கற்றுக்கொடுக்கின்றன: செயலியை இறக்கு, உள்ளே நுழை, பதிவேற்று.

கலந்தால் எப்படி இருக்கும்? எங்கள் செட்டிகுளத்தையே எடுத்துக்கொள்கிறேன். சுற்றுவட்டாரம் முழுக்க சின்ன வெங்காயம். பட்டறை போட்டு வைத்து, விலை ஏறும்போது விற்பது வழக்கம். கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு பாடத்துக்கு ஒரு எக்செல் தாள் போதும். ஒன்பது நாள் கிலோ 30 ரூபாய், பத்தாம் நாள் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 35. அந்த விலைக்கு ஒரு நாள்கூட யாரும் விற்கவில்லை! இடைநிலை அளவு 30. இப்போது 80-ஐ 180 ஆக்குங்கள். சராசரி 45-க்குத் தாவுகிறது, இடைநிலை அசையவே இல்லை. "அப்போ எதை நம்பி பட்டறையைப் பிரிக்கிறது?" என்று ஒரு பெண் கேட்டால், அங்கே பாடம் தொடங்கிவிட்டது. கரும்பலகையிலும் இதைச் செய்யலாம்தான். ஆனால் எண்ணை மாற்றி மாற்றி இருபது தடவை பார்க்க அங்கே நேரம் கிடையாது. கணினி சேர்ப்பது அந்த இருபது தடவையை. அதற்குமேல் எதுவும் இல்லை, அதுவே பெரிசு.

இதைச் செய்யும் ஆசிரியருக்கு வேண்டியது ரெண்டு: நேரமும் உரிமையும். எமிஸில் தகவல் ஏற்றியே நேரம் போகிறது என்பது ஆசிரியர்களின் பல வருடப் புகார். வகுப்புக்கு வரவேண்டிய தொழில்நுட்பம் மேலிடத்துக்குக் கணக்குக் காட்டவே செலவாகிறது.

உரிமைக்கு ஒரு சின்ன யோசனை. ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் ஒரு குறியீட்டை ஆசிரியருக்கென்று விட்டு வையுங்கள். கட்டம் அதேதான், அது போய்ச் சேரும் இடத்தை அந்தந்தப் பள்ளி ஆசிரியர் மாற்றிக்கொள்ளலாம். தொழில்நுட்பத்தில் இது பெரிய வித்தை இல்லை. முதல் வருடம் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கும். கிடக்கட்டும். எந்தப் பள்ளி எதைப் போட்டு நிரப்புகிறது என்று பார்த்தாலே, எந்த ஆசிரியருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பது தெரிந்துவிடும்.