சி.டி. ஸ்கேனிடம் எதைக் கேட்பது?

மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு கண்ட பெண்ணுக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் இருப்பதைத் திசு ஆய்வு உறுதிசெய்ததும், பல இடங்களில் அடுத்த சீட்டு சி.டி. ஸ்கேனுக்குத்தான். அந்தப் பழக்கத்தில் பாதி சரி, பாதி தவறு. நோய் கருப்பைக்குள்ளேயே இருக்கும்போது மருத்துவர் அறிய விரும்புவது, கட்டி தசைச்சுவரின் பாதி ஆழத்தைத் தாண்டிவிட்டதா என்பதை. சி.டி.யில் கட்டியும் தசையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். வயதால் சுவர் மெலிந்த கருப்பையில் எல்லையைப் பிரித்தறிவது இன்னும் கடினம். இந்தக் கேள்விக்கு எம்.ஆர்.ஐ.யே ஏற்றது. அதுவும் இறுதித் தீர்ப்பு அல்ல. 1988 முதல், பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ இந்நோயின் நிலையை அறுவைசிகிச்சையில் கிடைக்கும் திசுவைக் கொண்டே வகுக்கிறது.

நிணநீர் முடிச்சுகளில்தான் பெரிய ஏமாற்றம். சி.டி. அளவைத்தான் பார்க்கிறது, குறுக்களவு 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம். ஆனால் 6 மில்லிமீட்டர் முடிச்சிலும் புற்றணுக்கள் ஒளிந்திருக்கலாம். வெறும் அழற்சியாலும் முடிச்சு பெருக்கலாம். அறிக்கையில் ‘முடிச்சுகள் இயல்பு’ என்று இருந்தால், அவை வீங்கவில்லை என்றுதான் பொருள். நோயில்லை என்று அதைப் படிப்பது ஆபத்து. பச்சைச் சாயம் செலுத்தி, நோய் முதலில் சென்றடையக்கூடிய ‘காவல்’ முடிச்சை எடுத்துச் சோதிக்கும் முறை, 2017-இல் வெளியான அமெரிக்க ‘ஃபயர்ஸ்’ ஆய்வில், முடிச்சுக்குப் பரவிய நோயை 97 விழுக்காடு கண்டுபிடித்தது. படத்தால் எட்ட முடியாத துல்லியம் அது. ஆனால் சீரஸ் வகை போன்ற வீரியமான கட்டிகளில் நிலைமை வேறு. நுரையீரல், கல்லீரல், குடலைப் போர்த்திய கொழுப்புப் படலம், பெருந்தமனியோர முடிச்சுகள் எல்லாவற்றையும் சில நிமிடங்களில் சி.டி. காட்டிவிடும். அங்கே பரவல் தெரிந்தால், கத்தியை எடுக்குமுன் கீமோதெரபியை யோசிக்கலாம். சி.டி.யின் உண்மையான வலிமை இதுவே. வயிற்றுச் சவ்வில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த படிவுகள் தப்பிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

எம்.ஆர்.ஐ. இல்லாத ஊரில் சி.டி.யாவது எடுக்கட்டுமே என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஆழத்தைக் காட்டாத கருவி, மாற்று இல்லை என்பதற்காக அதைக் காட்டிவிடாது. தேர்ந்த கை செய்யும் யோனிவழி அல்ட்ராசவுண்ட் அங்கே கூடுதலாக உதவும். மேலும், இந்நோயாளிகளில் பலருக்கு உடற்பருமனும் நீரிழிவும் உண்டு. நீரிழிவால் சிறுநீரகம் பழுதுற்றிருந்தால் சி.டி.க்குச் செலுத்தும் சாய மருந்துக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. சிகிச்சை முடிந்து தொந்தரவின்றி இருப்பவருக்கு வழக்கத்துக்காக சி.டி. எழுதுவதிலும் பயன் சொற்பமே. யோனி மேற்பகுதியில் திரும்பும் நோயை மருத்துவரின் கண்ணும் விரலுமே முதலில் பிடிக்கின்றன. புதிய வலியோ மூச்சிரைப்போ வந்தால் அப்போது எடுக்கலாம், தாமதிக்காமல்.